பத்தாவது கேள்வி

*வணக்கம். என் மகனுக்கு 19 வயது. இரவெல்லாம் கைபேசியும் கையுமாக இருக்கிறான். இணைய அடிமைத்தனத்தை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட தேர்வு ஒன்று கிடைத்தது. அவன் உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டான் என்பதால் அவனுக்காக நானே நிரப்பினேன். 84 வந்தது. அவனிடம் காட்டினேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இந்தத் தேர்வை நம்பலாமா? கைபேசியைப் பிடுங்கி வைக்கலாமா? எல்லாம் மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலை என்கிறார்களே?*

அன்புள்ள சகோதரி,

டோபமினை விடுங்கள். கைபேசியைப் பிடுங்குவதையும் விடுங்கள், 19 வயதுப் பையனிடம் அது நடக்காது.

நீங்கள் நிரப்பிய கேள்வித்தாளைப் பற்றிச் சில நாட்களாக நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். கிம்பர்லி யங் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998ல் வெளியிட்டது அது. சூதாட்ட நோயைக் கண்டறியும் அளவுகோல்களை ஒட்டி முதலில் எட்டுக் கேள்விகள் அமைத்தார், பிறகு அவை 20 ஆயின. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5. கூட்டுத்தொகை 80ஐத் தொட்டால் தீவிரம்.

ஏழாவது கேள்வியைப் பாருங்கள்: வேறு வேலை இருக்கும்போது முதலில் மின்னஞ்சலைப் பார்க்கிறீர்களா? இன்று அதற்கு யார்தான் இல்லை என்பார்கள்? பத்தாவது: வாழ்க்கையைப் பற்றிய தொந்தரவான எண்ணங்களை இணையத்தின் இதமான நினைவுகளால் மறைக்கிறீர்களா? இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்! ஒன்று பழக்கம், மற்றது வலி. கூட்டிப் பார்க்கும்போது அந்த வலி எங்கே போனதென்றே தெரியாது.

என் அம்மா படுக்கையில் கிடந்த வருடம், நான் விடிய விடிய இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு சதுரங்கம் ஆடினேன். தூக்கம் கெட்டது, வேலை கெட்டது. கேட்டவர்களிடம் பொய் சொன்னேன். அந்தத் தேர்வை அப்போது எழுதியிருந்தால் 90 வாங்கியிருப்பேன். அடுத்த அறையிலிருந்து அம்மாவின் மூச்சு கேட்கும். அது நின்றுவிடுமோ என்ற பயத்தில் தூங்க முடியாது, சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. ஒருநாள் அக்கா வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னைக்கு நான் முழிச்சிருக்கேன், நீ படு" என்றாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதினொரு மணி நேரம் தூங்கினேன். அதன் பிறகு சதுரங்கம் தானாகக் குறைந்தது.

இப்போது உங்களிடம் கோபமாகவே கேட்கிறேன். பத்தாவது கேள்விக்கு உங்கள் மகன் சார்பில் என்ன போட்டீர்கள்? 5 போட்டிருந்தால், அவன் மறைக்கும் எண்ணம் எதுவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியுமா? தெரிந்தும் மதிப்பெண் போட்டுக்கொண்டா இருந்தீர்கள்? தெரியாதென்றால் எதை வைத்துப் போட்டீர்கள்? இணையம் இல்லாத வாழ்க்கை வெறுமையாக இருக்குமென்று அஞ்சுகிறாயா என்கிறது பன்னிரண்டாவது கேள்வி. ஒருவன் தன்னிடமே சொல்லத் தயங்கும் பதில் அது. அதை நீங்கள் எழுதி, கூட்டி, அவன் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறீர்கள். அவன் பேசாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

தேர்வை நம்பலாமா என்றீர்கள். பேச்சைத் தொடங்க உதவும், நோய் என்று தீர்ப்புச் சொல்ல உதவாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறு உண்டு, இணைய அடிமைத்தனம் என்ற பெயரில் எதுவும் இல்லை. ஆனால் அவன் சாப்பாட்டையும் படிப்பையும் விட்டிருந்தால், யாரையும் பார்க்க மறுத்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 84ஐச் சொல்லாதீர்கள், நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் அவனிடம் போய், "உனக்காக நான் பதில் எழுதினது தப்புப்பா" என்று சொல்லுங்கள். அவன் உடனே திரும்பிப் பார்க்க மாட்டான். பரவாயில்லை, கொஞ்ச நேரம் அந்த அறையிலேயே இருங்கள்.