பம்புக்கு மாறலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

இடுப்பில் இன்சுலின் பம்ப் மாட்டிக்கொண்டு பாடம் நடத்துவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு 12 வயதில் முதல் வகை இனிப்பு நீர் வந்தது. இப்போது 31. தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. நாளுக்கு நான்கு ஊசி. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 8.6. போன மாதம் இரவு வேலையில் சர்க்கரை 2.8 மில்லிமோலுக்கு இறங்கிவிட்டது. கூட இருந்தவர் உட்கார வைத்து மைலோ வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கமே இல்லை. கோலாலம்பூரில் இருக்கும் மாமா, பம்ப் வாங்கப் பணம் தருகிறேன் என்கிறார். எனக்குத்தான் தயக்கம். ஆலைச் சூட்டில் தாங்குமா? உடம்பில் ஒரு மிஷினை மாட்டிக்கொண்டு அலைய வேண்டுமா? மாறலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

ஒரு வார்த்தைதான் என்றால், இப்போதைக்கு வேண்டாம். முதலில் உடம்பில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அளக்கும் சென்சார் வாங்குங்கள்.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நானே பம்ப் போட்டிருப்பவள். நாளைக்கு யாராவது அதைப் பிடுங்க வந்தால் சண்டைக்குப் போவேன். அப்படிப்பட்டவள் உங்களுக்கு வேண்டாம் என்றால் காரணம் சொல்லாமல் தப்ப முடியாது.

பம்ப் என்றதும் அது தானாகச் சர்க்கரையைப் பார்த்து, தானாக மருந்து விடும், நாம் பாட்டுக்கு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண பம்புக்கு உங்கள் சர்க்கரை எவ்வளவு என்றே தெரியாது. நாம் சொல்லி வைத்த அளவை விட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். சென்சார் சொல்வதைக் கேட்டு அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்புகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் அந்த வகைக்கு 2016இல்தான் முதல் அனுமதி கிடைத்தது. அதிலும் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முன்னால் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று நாம்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். தே தாரிக்கில் எவ்வளவு கெட்டிப்பால் ஊற்றினார் என்று ஒட்டுக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கணக்கு எவ்வளவு சுலபம் என்று தெரியும்.

ஊசி போடுகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நாளுக்கு ஒரு தடவை போடும் நீண்டநேர இன்சுலின் தோலுக்கடியில் இருந்துகொண்டே மெதுவாக வேலை செய்யும். சாப்பாட்டு ஊசியை மறந்தாலும் அடியில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பம்பில் அது கிடையாது. விரைவு இன்சுலின் மட்டும்தான், மணிக்கு முக்கால் யூனிட், ஒரு யூனிட் என்று இறங்கும். பம்பிலிருந்து தோலுக்குள் மருந்தைக் கொண்டுபோகும் குழாய் அடைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் உடம்பில் இன்சுலின் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறத் தொடங்கும்.

எனக்கு ஒருநாள் ஆறாம் ஆண்டு வகுப்பில் இது நடந்தது. காலையிலிருந்தே வாய் வறண்டு கிடந்தது. ஓய்வு நேரத்தில் குத்திப் பார்த்தால் 16.4. பம்ப் திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகக் காட்டுகிறது, எச்சரிக்கைச் சத்தமும் இல்லை. கழிப்பறைக்குப் போய்ச் சேலையை விலக்கிப் பார்த்தேன். பிளாஸ்டர் ஓரம் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாசம். இன்சுலின் கெடாமல் இருக்கக் கலக்கும் மருந்தின் வாசம் அது, பம்ப் போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிய்த்துப் பார்த்தால், தோலுக்குள் இருக்க வேண்டிய 6 மில்லிமீட்டர் குழாய் மடங்கி வெளியே கிடக்கிறது. மருந்தையெல்லாம் பிளாஸ்டர்தான் குடித்திருக்கிறது. கீட்டோன் 0.9. கைப்பையில் இன்சுலின் பேனா இருந்ததால் ஊசியைப் போட்டேன், குழாயும் பிளாஸ்டரும் சேர்ந்த புது செட்டை மாட்டினேன், அடுத்த பாடவேளைக்குப் போய்விட்டேன்.

இதே சங்கதி உங்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு, பாய்லர் பக்கத்தில், பேனா லாக்கரில் இருக்கும்போது நடந்தால்? காரணம் தெரியாமல் 14ஐத் தாண்டினால் கீட்டோன் பார்ப்பது, பேனாவால் ஊசி போடுவது, செட்டை மாற்றுவது, இந்த மூன்றும் தூக்கக் கலக்கத்திலும் கை தானாகச் செய்ய வேண்டும். கீட்டோன் 3ஐத் தொட்டாலோ வாந்தி வந்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

8.6 கவலைப்பட வேண்டிய அளவுதான். ஆனால் அதைக் குறைக்கப் பம்ப் ஒன்றுதான் வழி என்றில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைக்காரர்கள் 1,441 பேரை வைத்து நடத்திய டிசிசிடி ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களில், கண்ணில் அதுவரை கோளாறு இல்லாதவர்களுக்கு விழித்திரை பாதிக்கும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. அந்தக் குழுவில் பம்ப் போட்டவர்களும் இருந்தார்கள், நாளுக்கு மூன்று நான்கு ஊசி போட்டவர்களும் இருந்தார்கள். அதே குழுவில்தான் கடுமையான தாழ்சர்க்கரை மற்றக் குழுவைப் போல் மூன்று மடங்கு வந்தது. ஆகவே 8.6ஐ இறக்கப் போகிறீர்கள் என்றால் 2.8க்கு முதலில் வழி பார்க்க வேண்டும்.

அன்றைக்கு எத்தனை மணிக்கு இறங்க ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியுமா? சாப்பாட்டு ஊசி அதிகமா, நீண்டநேர ஊசி இரவு வேலையோடு மோதியதா, வேலை கடுமையா? விரலில் குத்திப் பார்ப்பதில் இதெல்லாம் தெரியாது. சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து, இறங்கும்போதே சத்தம் போடும். சத்தம் போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கைப்பேசியை ஆலைக்குள் கொண்டுபோக விடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தனி ரீடர் வேண்டும். சென்சார் மாட்டிய கையின் மேல் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டும், பதறாமல் விரலில் குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள். நிஜமாகவே இறங்கினால் மைலோ சரிப்படாது. அதில் பால் இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். 3 தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர் போதும், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

இரண்டு ஷிப்டும் அடங்க மூன்று மாதம் சென்சார் போட்டு, அந்தக் கோடுகளை டாக்டரிடம் காட்டுங்கள். நீண்டநேர இன்சுலினில் எது போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கிளார்ஜின் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். டெக்லுடெக் 42 மணி நேரத்துக்கும் மேல் நிற்கும், போடும் நேரம் முன்னே பின்னே ஆனாலும் இரண்டு ஊசிக்கு இடையில் 8 மணி நேரம் இருந்தால் சரி. ஷிப்டுக்காரருக்கு அது வசதி. உங்களுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அப்புறமும் ஷிப்டு மாறும்போதெல்லாம் சர்க்கரை ஆடுகிறது என்றால் பம்ப் வாங்குங்கள், நானே வாங்கச் சொல்வேன். பகல் வாரத்துக்கு ஒரு கணக்கு, இரவு வாரத்துக்கு ஒரு கணக்கு என்று எழுதி வைத்து மாற்றிக்கொள்ளலாம். பாரம் தூக்கும் நேரத்தில் அளவைப் பாதியாக்கலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாதே! தாழ்வு வரும் முன்பே தானாக நிறுத்திக்கொள்ளும் பம்பாகப் பாருங்கள், அப்போதுதான் உங்கள் வீட்டில் தூங்குவார்கள்.

சூட்டைப் பற்றிய உங்கள் பயம் சரிதான். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனாவையே 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், பாய்லர் பக்கம் அது நடக்குமா? மருந்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். வியர்வையில் பிளாஸ்டர் கழன்றுகொண்டே இருக்கும், கூடுதல் டேப் ஒட்ட வேண்டும். இதை டாக்டரிடம் மட்டுமல்ல, இனிப்பு நீர் கிளினிக்கில் இருக்கும் மிஸ்ஸியிடமும் (தாதியிடமும்) கேளுங்கள். இந்த மாதிரி விஷயம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. உடம்பில் மிஷின் என்ற கூச்சம் பழகிப்போகும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாத்தா என் இடுப்பைப் பார்த்து, "டீச்சர் இன்னுமா பேஜர் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

மாமாவின் பணத்துக்கு வருவோம். இன்சுலின் அரசாங்கக் கிளினிக்கில் கிடைத்துவிடுகிறது. பம்ப் பெரும்பாலும் கைக்காசு. மிஷின் விலை பல ஆயிரம் ரிங்கிட் என்றாலும் ஒரு தடவை செலவு. செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாதத்துக்குக் குறைந்தது 10. மருந்து நிரப்பும் குப்பி தனி. 14 நாள் சென்சார் மாதத்துக்கு இரண்டு. இது வாழ்க்கை முழுக்க ஓடும் செலவு. மாமா மிஷினை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார், ஆறாவது மாதம் செட் வாங்கக் காசில்லாமல், மூன்று நாள் செட்டை ஆறு நாள் ஓட்டுவீர்கள். புண்ணும் அடைப்பும் அங்கேதான் வருகின்றன. மிஷினுக்குப் பதில் ஒரு வருடத்துக்குச் சென்சார் வாங்கித் தர முடியுமா என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள். கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒருவேளை பின்னால் பம்ப் வாங்கினாலும் பேனாக்களை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். விரைவு இன்சுலின் பேனா எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். நீண்டநேர இன்சுலின் பேனா ஒன்று வீட்டில் ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும், காலாவதித் தேதி பார்த்து மாற்றிக்கொண்டே இருங்கள். மிஷின் பழுதாகி வேறு வந்து சேரும் வரைக்கும் அதுதான் கை கொடுக்கும். பம்புக்கு முன்னால் போட்ட அளவை ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டிக் கதவிலேயே ஒட்டி வையுங்கள்.

அக்கா