கட்டும் விளிம்பும்: வீட்டிலேயே செய்யும் துப்புரவுக் கருவிகள் – கேள்வி பதில்

வீட்டில் கழித்துப் போடும் பொருள்களைக் கொண்டே துடைப்பம், மாப்பு, வைப்பர் முதலியவற்றைச் செய்து பல ஆண்டுகளாகப் புழங்கி வருபவன் என்ற முறையில், நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பழைய துணியில் மாப்பு செய்தேன். இரண்டே நாளில் துணி கழன்று வந்துவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: கட்டில்தான். நான் முதன்முதலில் செய்த மாப்பும் வாளித் தண்ணீருக்குள்ளேயே கழன்று விழுந்தது. வழவழப்பான கோலில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், நனைந்த துணியின் கனம் கட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கோலின் அடிமுனையிலிருந்து 3 செ.மீ. மேலே, சுற்றிலும் ஆழமில்லாத ஒரு பள்ளத்தைக் கத்தியால் செதுக்கிக்கொள்ளுங்கள். பனியன் துணியை 3 செ.மீ. அகலமும் 60 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொரு பட்டையின் நடுப்பகுதியும் அந்தப் பள்ளத்தின் மேல் வருமாறு, பாதி கோலின் மேற்புறமாகவும் பாதி கீழ்ப்புறமாகவும் நீளும்படி சுற்றிலும் அடுக்குங்கள். சுமார் 30 பட்டைகள் போதும். நைலான் கயிற்றால் பள்ளத்தில் இறுக்கிக் கட்டியபின், மேலே நீண்டிருக்கும் பாதியைக் கீழே மடித்துவிட்டு, முதல் கட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டாவது கட்டுப் போடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். துருப்பிடித்துத் தரையில் கறையை உண்டாக்கும்.

கேள்வி: பாலியஸ்டர் சட்டைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஈரம் துடைப்பதற்கு உதவாது, ஏனெனில் பாலியஸ்டர் இழை தண்ணீரைத் தனக்குள் ஏற்பதில்லை, தரையில் நீரைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிர உறிஞ்சாது. ஆனால் உலர்ந்த தூசிக்கு நல்லது. உரசும்போது மின்னேற்றம் பெற்று நுண்ணிய தூசியைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். நீண்ட மரச்சட்டத்தில் அத்தகைய துணியாலான பழைய காலுறையை மாட்டி, அலமாரிக்கு அடியில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: கண்ணாடி துடைக்கும் வைப்பரை சைக்கிள் டியூபில் செய்ய முடியுமா? நான் செய்தது கோடு கோடாக நீரை விட்டுச் செல்கிறது.

பதில்: தாராளமாக முடியும். நீங்கள் ரப்பரைக் கத்தரிக்கோலால் வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கத்தரி வெட்டிய விளிம்பு கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் சிறு சிறு அலைகளாகவே இருக்கும். ஒவ்வோர் அலையும் கண்ணாடியில் ஒரு கோடாகப் பதியும். டியூபை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி போகக் கழுவி உலர்த்துங்கள். பிறகு இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புதிய பிளேடால் இடையில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் 4 செ.மீ. அகலமுள்ள பட்டையை வெட்டுங்கள். அதை இரண்டு தட்டையான மரச்சட்டங்களுக்கு இடையே வைத்து, ரப்பர் வெளியே 1 செ.மீ. மட்டும் நீண்டிருக்குமாறு திருகாணிகளால் முடுக்கினால் போதும். அதைவிடக் கூடுதலாக நீண்டால் ரப்பர் மடங்கிக்கொள்ளும், குறைந்தால் வளையாது. விளிம்பு மழுங்கும்போது பட்டையைத் திருப்பிப் போட்டு மறு விளிம்பைப் பயன்படுத்தலாம். என்னைக் கேட்டால், வீட்டில் செய்யும் கருவிகளிலேயே இதுதான் கடைச் சரக்குக்கு ஈடுகொடுக்கும்.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டில்களில் துடைப்பம் செய்வது பயனுள்ளதா?

பதில்: வாசலுக்கும் தோட்டத்துக்கும் மட்டும். 2 லிட்டர் பாட்டில்களின் அடியை நீக்கி, அரை செ.மீ. அகல இழைகளாகத் தோள் வரை நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக எட்டுப் பத்து பாட்டில்களைச் செருகிக் கம்பியால் தைத்துக் கோலை மாட்டுவார்கள். சருகை நன்றாகவே தள்ளும். வீட்டுக்குள் நுண்தூசியை அது விட்டுவிடுவதால் நான் பயன்படுத்துவதில்லை. நிழலில் வையுங்கள், வெயிலில் இழைகள் நாளடைவில் நொறுங்கும்.

கேள்வி: குளியலறைத் துவாரத்தில் சிக்கிய முடியை எடுக்க ஏதேனும் வழி உண்டா?

பதில்: 2 செ.மீ. அகலமும் அரை மீட்டர் நீளமும் உள்ள வளையக்கூடிய பிளாஸ்டிக் பட்டையின் இரு ஓரங்களிலும், பற்களின் முனை கைப்பிடியை நோக்கி இருக்குமாறு சரிவான வெட்டுகளைப் போடுங்கள். உள்ளே வழுக்கிக்கொண்டு போகும், வெளியே இழுக்கையில் பற்கள் முடியைக் கவ்வும்.

கேள்வி: பிளீச் வந்த ஸ்பிரே பாட்டிலில் வினிகர் கலந்த நீரை ஊற்றி வைக்கலாமா?

பதில்: கூடாது. பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். பிளீச்சோடு அம்மோனியா கலப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானது. அலசிவிட்டோம் என்று நம்பினாலும், விசைக் குழாயின் உள்ளே மிச்சம் தங்கியிருக்கும். தண்ணீர் மட்டுமே வைத்திருந்த பாட்டிலை எடுத்து, மூடியில் சூடேற்றிய ஊசியால் ஐந்தாறு துளைகள் இட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது என்ன என்று பாட்டிலின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.