'ஃபைவ் கன்ஸ் வெஸ்ட்' படத்தை ஒன்பது நாளில் எப்படி முடித்தார்கள்?

1955இல் வந்த இந்த வெஸ்டர்ன்தான் (கௌபாய் படம்) குறைந்த செலவுப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கர் ரோஜர் கோர்மன் இயக்கிய முதல் படம். செலவு சுமார் 60,000 டாலர், அதுவும் கலர் படம்!

சிக்கனம் கதையிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்பு விடுவித்த ஐந்து கைதிகள், ஒரு துரோகியையும் தங்கத்தையும் தேடிப் போகிறார்கள். பாதிப் படம் குதிரைப் பயணம். மீதி, பயணிகள் குதிரை வண்டி நிற்கும் ஒரு சத்திரத்தில். ஆக, நகரத் தெரு செட்டும் கூட்டமும் தேவைப்படவில்லை. எழுதிய ரைட் கேம்பெல்லே ஐவரில் ஒருவராக நடித்தார். செவ்விந்தியர்கள் வரும் இடத்துக்குப் பழைய படத் துண்டுகளை வாங்கி ஒட்டினார்கள். இதில் ஒரு சிக்கல்: நிறமும் வெளிச்சமும் ஒத்துப்போகாவிட்டால் ஒட்டு பளிச்சென்று தெரிந்துவிடும்.

கோர்மன் மிச்சம் பிடிக்காத இடம் கேமராதான். 'டாபு' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய ஃபிளாய்ட் கிராஸ்பியை அமர்த்தினார். புது இயக்குநருக்கு அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர் கிடைத்தால் மறுபடி எடுக்க வேண்டிய ஷாட் குறையும். என் பார்வையில், படத்தைக் காப்பாற்றியதே அந்த முடிவுதான்.

இயக்குவதற்கு முன்பே கோர்மன் ஃபாக்ஸ் ஸ்டுடியோவில் கதை படித்துக் குறிப்பு எழுதியவர். இரண்டு படங்களைத் தயாரித்தவர். படித்தது தொழிற்பொறியியல் (வேலையை வீணில்லாமல் திட்டமிடும் படிப்பு), படப்பிடிப்பு அட்டவணையில் அது தெரிகிறது. ஆனால் மழைக்கு அட்டவணை கிடையாது: பிறகு அவர் ஆறு நாளில் எடுத்த 'கன்ஸ்லிங்கர்' படப்பிடிப்பு பெரும்பாலும் சேற்றில்தான் நடந்தது.