பர்மாவின் ஏற்றம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திவாலான கால்பந்துக் கழகங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இத்தாலியின் பர்மா 2015-இல் நான்காம் பிரிவுக்கு விழுந்து 2018-இல் முதல் பிரிவான சீரி ஏ-வுக்குத் திரும்பியதைப் பெரிய சாதனை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பியப் போட்டியான யுஇஎஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்ற கழகம், பின்னால் பரில்லா போன்ற தொழில் குடும்பங்களின் பணம். இவர்கள் சிற்றூர் அணிகளோடு மோதினால் வெல்லாமல் என்ன செய்வார்கள்? இன்னொன்று, இருபது கோடி யூரோவுக்கு மேல் கடனை அப்படியே விட்டுவிட்டு, புதுப் பெயரில் ஆட வருவது கடன் கொடுத்தவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் புள்ளிகளை இழந்தது, தண்டனையை ஏற்றது, அதே கழகமாக நின்றது. அதுதானே நேர்மையான வழி?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் முதல் கேள்வியில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. நான்காம் பிரிவான சீரி டி-யைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. சியெனா, வெனிசியா, பர்மா, பாரி, பலெர்மோ எல்லாமே 2014-க்கும் 2019-க்கும் இடையில் அங்கே தள்ளப்பட்டவை. ஐந்துமே ஒரே ஆண்டில் மேலே வந்துவிட்டன. ஆனால் அதற்கு அடுத்த படியைப் பாருங்கள். சியெனா மூன்றாம் பிரிவைத் தாண்டவே இல்லை. 2018-இல் பிளே-ஆஃப் (ஏற்றத்துக்கான கூடுதல் ஆட்டங்கள்) இறுதியில் கொசென்சாவிடம் தோற்றது, 2020-இல் பதிவு செய்ய முடியாமல் மறுபடி கீழே போனது. பாரியின் சான் நிக்கோலா அரங்கில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். உரிமையாளர் நாப்போலியையும் வைத்திருக்கும் தே லௌரென்தீஸ் குடும்பம். அப்படியிருந்தும் மூன்றாம் பிரிவில் மூன்று ஆண்டுகள் கிடந்தது. பலெர்மோவுக்கு இரண்டு ஆண்டுகள். நாப்போலிகூட 2005-இல் முதல் முயற்சியில் அவெல்லினோவிடம் பிளே-ஆஃப் இறுதியில் தோற்றுத்தான் அடுத்த ஆண்டு ஏறியது. பெரிய ஊரும் பெரிய பணமும் போதுமென்றால் இவர்கள் எல்லோரும் மூன்றே ஆண்டில் சீரி ஏ-வில் இருந்திருக்க வேண்டும்.

கடன் விஷயம் இதைவிடக் கனமானது. அதை முதலில் பேசிவிடுவோம்.

பர்மா எப்படிச் செத்தது என்பதற்கு ஒரு கணக்குமுறை முக்கியக் காரணம். இரண்டு கழகங்கள் ஆளுக்கொரு வீரரை மாற்றிக்கொள்கின்றன, இருவருக்கும் 50 லட்சம் யூரோ என்று விலை எழுதுகின்றன என்று வையுங்கள். பணம் கை மாறுவதில்லை. ஆனால் விற்ற வீரருக்கான லாபம் இந்த ஆண்டுக் கணக்கிலேயே முழுதாக ஏறிவிடுகிறது. வாங்கிய வீரருக்கான செலவோ, ஒப்பந்தம் ஐந்து ஆண்டு என்றால், ஆண்டுக்குப் பத்து லட்சமாகப் பிரிந்து போகிறது. ஏட்டில் லாபம், பெட்டியில் காசில்லை. அடுத்த ஆண்டு பழைய தவணையைச் சமாளிக்க இன்னும் அதிகமாக மாற்றிக்கொள்ள வேண்டும். கிரார்தி உரிமையாளராக இருந்த காலத்தில் பர்மாவின் பெயரில் ஒரு கட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். பெரும்பாலோர் வேறு கழகங்களுக்கு இரவலாக ஆடிக்கொண்டிருந்தவர்கள்.

2014-இல் அணி சீரி ஏ-வில் ஆறாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஏறத்தாழ 3 லட்சம் யூரோ வருமான வரியைக் குறித்த நாளுக்குள் கட்டவில்லை என்பதால் யுஇஎஃப்ஏ உரிமம் மறுக்கப்பட்டது. அந்த இடம் தொரினோவுக்குப் போனது. அதன்பின் சரிவு வேகமெடுத்தது. டிசம்பரில் கழகம் கை மாறியது. 2015 பிப்ரவரியில் மனென்தி என்பவர் ஒரு யூரோவுக்கு வாங்கினார். அரங்கக் காவலர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் உதினேசேயுடனான ஆட்டம் தள்ளிப்போனது. மார்ச் 19 அன்று நீதிமன்றம் திவால் அறிவித்தது. அப்போது கடன் 21 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. சீசனை முடிக்க லீக் 50 லட்சம் யூரோ தந்தது. சம்பளப் பாக்கிக்காக 7 புள்ளிகள் பிடிக்கப்பட்டு, 19 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தார்கள்.

இங்கேதான் நீங்கள் கேட்டதற்கான பதில் இருக்கிறது. இத்தாலிய முறையில் திவாலான கழகத்துக்கு இரண்டு கதவுகள். வீரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் தர வேண்டியதை விளையாட்டுக் கடன் என்று தனியே பிரிப்பார்கள். அதை ஏற்றுக்கொள்பவர் பழைய இடத்தை, அதாவது இரண்டாம் பிரிவான சீரி பி-யில் ஆடும் உரிமையை, வாங்கலாம். வீரர்கள் தங்கள் பாக்கியில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்ததால் பர்மாவின் விளையாட்டுக் கடன் 7 கோடியிலிருந்து 2.2 கோடி யூரோ அளவுக்குக் குறைந்தது. ஜூன் 22 கெடு. கடைசி வரை இருந்த இரு தரப்பும், அமெரிக்க பேஸ்பால் வீரராக இருந்த மைக் பியாசா உட்பட, விலகிவிட்டார்கள். (பியாசா மறு ஆண்டே பக்கத்து ஊரான ரெஜ்ஜோ எமிலியாவின் கழகத்தை வாங்கினார். 2018-இல் அது பதிவு செய்ய முடியாமல் சீரி டி-க்குப் போனது.) முதல் கதவு மூடியதும் பழைய நிறுவனம் முடிந்தது.

இரண்டாவது கதவு இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 52-ஆம் விதி. கழகம் இல்லாமல் போன நகரத்தின் சார்பில் ஒரு புதிய நிறுவனம் விண்ணப்பிக்கலாம். நகரம்தான் இங்கே உரிமை கோருகிறது, பழைய நிறுவனம் இல்லை. முன்பு இதில் சலுகை இருந்தது, அதனால்தான் 2004-இல் நாப்போலி மூன்றாம் பிரிவிலேயே தொடங்க முடிந்தது. 2014-இல் சலுகை போய்விட்டது. எனவே பர்மா சீரி டி-யிலிருந்து. புதிய நிறுவனத்துக்குப் பழைய கடன் இல்லை, ஏனென்றால் பழைய வீரர் இல்லை, பழைய ஒப்பந்தம் இல்லை, பழைய இடமும் இல்லை. பழைய நிறுவனத்தில் மிஞ்சியதை விற்று, நடைமுறைச் செலவு, ஊழியர் சம்பளம், வரி என்ற வரிசையில் நீதிமன்றம் பங்கிடுகிறது. சாதாரண வியாபாரிகள் கடைசியில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநியாயம், அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அதைச் செய்தவர்கள் 2015-க்கு முன் கணக்கு எழுதியவர்கள். ஜூலையில் வெறும் கையோடு வந்தவர்கள் இல்லை.

போர்ட்ஸ்மத்தை நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறீர்கள். 2010-இல் பிரீமியர் லீகில் இருக்கும்போதே திவால் நிலையில் கழகத்தை நடத்த நியமிக்கப்படும் நிர்வாகியின் கைக்குப் போன முதல் கழகம் அதுதான். 9 புள்ளி போனது. புள்ளி பிடிப்பது கடனை அடைப்பது ஆகாது. சாதாரணக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்கு 20 பென்ஸ், அதுவும் தவணையில், என்றுதான் ஒப்பந்தம் போட்டார்கள். வீரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் முழுத் தொகை என்பது அங்கே விதி. வரித்துறை இதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றது. அந்தத் தவணை முடிவதற்குள் 2012-இல் மறுபடி நிர்வாகி, மறுபடி 10 புள்ளி. அதே கழகமாக நிற்பதால் பழைய சம்பள ஒப்பந்தங்களும் கூடவே நின்றன. 2012 கோடையில் மூத்த வீரர்கள் பாக்கியைக் குறைத்துக்கொண்டு வெளியேறினால்தான் கழகம் பிழைக்கும் என்ற நிலை. 2013-இல் ரசிகர் அறக்கட்டளை ஆளுக்கு ஆயிரம் பவுண்டு பங்கு சேர்த்து வாங்கியபோது அணி நான்காம் பிரிவுக்கு இறங்கிவிட்டிருந்தது. அடமானத்தில் இருந்த ஃபிராட்டன் பார்க் அரங்கையும் மீட்க வேண்டியிருந்தது. 2017-இல் அந்தப் பிரிவை வென்றார்கள். இரண்டாம் பிரிவை எட்ட 2024 ஆனது. பர்மாவின் தர்தீனி அரங்கு நகராட்சிக்குச் சொந்தம் என்பதால் திவாலில் சிக்கவில்லை. இந்த ஒரு வித்தியாசம் மட்டுமே பல ஆண்டுகளைச் சேமித்துத் தந்தது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். 2015 ஜூலையில் பர்மாவிடம் ஒரு வீரர்கூட இல்லை. ஏழு உள்ளூர்த் தொழிலதிபர்கள் சேர்ந்து பணம் போட்டார்கள். ரசிகர்கள் பங்கு வாங்கத் தனி நிறுவனம் ஒன்றும் அமைந்தது. தொண்ணூறுகளில் கோப்பைகளை வென்றுகொடுத்த பயிற்சியாளர் நேவியோ ஸ்காலா தலைவர், அந்த அணியின் தடுப்பாளர் அப்பொல்லோனி பயிற்சியாளர், மினோத்தி தொழில்நுட்பப் பொறுப்பு. 38 வயதான அணித்தலைவர் அலெஸ்ஸாந்த்ரோ லுக்காரெல்லி சீரி ஏ-விலிருந்து அப்படியே சீரி டி-க்கு இறங்கி வந்தார். சீசன் டிக்கெட் ஒன்பதாயிரத்தைத் தாண்டி விற்றது.

சீரி டி தொழில்முறை சாராத பிரிவு. அப்போது ஒப்பந்தங்கள் ஓராண்டுக்குத்தான். அங்கே பணத்தால் வாங்க முடியாத ஒன்று உண்டு: களத்தில் எந்த நிமிடமும் பதினொருவரில் நால்வர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் பிறந்த இளைஞர்களாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இளைஞர் ஒருவர் காயப்பட்டால் பதிலாக வருபவரும் இளைஞராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் 0-3 என்று தோல்வியாக எழுதப்படும். எனவே மாற்று வீரர் வரிசையிலும் இரட்டிப்பு இளைஞர்கள் தேவை. வழக்கமாக அணிகள் கோல்கீப்பரையும் பக்கவாட்டுத் தடுப்பாளர்களையும் இளைஞராக வைத்துவிட்டு, நடு முதுகெலும்பில் அனுபவத்தை வைக்கும். பர்மாவும் 1997-இல் பிறந்த லாத்வியரான சொம்மெர்ஸைக் கோல்கீப்பராக நிறுத்தியது. சீரி டி-யில் குழு முதலிடத்துக்கு மட்டுமே ஏற்றம், ஒன்பது குழுவுக்கு ஒன்பது இடம். பர்மா 38 ஆட்டத்தில் 28 வெற்றி, 10 டிரா, தோல்வியே இல்லாமல் 94 புள்ளி.

ஆபத்து இந்த 94 புள்ளியில்தான் ஒளிந்திருந்தது. தோற்காத அணியை யாருக்குத்தான் கலைக்க மனம் வரும்? ஆனால் மூன்றாம் பிரிவில் இளைஞர் கட்டாயம் இல்லை. எந்த நால்வரைச் சுற்றி அணியைக் கட்டினீர்களோ அதற்கான காரணம் ஒரே இரவில் போய்விடுகிறது. எதிரணியின் பதினொருவரும் முழுநேர வீரர்கள். செலவு முழுத் தொழில்முறைச் செலவு, தொலைக்காட்சி வருமானமோ சொற்பம். சம்பளமும் வரியும் குறித்த தேதிக்குள் கட்டவில்லை என்றால் புள்ளி போகும், பதிவுக்கு வங்கி உத்தரவாதம் வேண்டும். அறுபது அணிகளில் நான்கு மட்டுமே மேலே போகும்: மூன்று குழுக்களின் முதலிடம், பிளே-ஆஃபில் ஒன்று. அந்தப் பிளே-ஆஃபில் அந்த ஆண்டு 28 அணிகள். இந்தச் செலவோடு இரண்டு மூன்று ஆண்டு இங்கே நின்றால் புதிய உரிமையாளரும் களைத்துப்போவார். திரும்பி வந்த கழகங்கள் இரண்டாம் முறை சாகும் இடம் இதுதான்.

பர்மாவும் இங்கே ஏறக்குறைய மாட்டிக்கொண்டது. நவம்பர் 2016-இல் சொந்த அரங்கில் பதோவாவிடம் 1-4. அப்பொல்லோனியும் மினோத்தியும் நீக்கப்பட்டார்கள், ஸ்காலா பதவி விலகினார். ஊர் கொண்டாடிய பெயர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வெளியே. தாவெர்சா பயிற்சியாளராகவும் ஃபஜ்ஜானோ விளையாட்டு இயக்குநராகவும் வந்து, ஜனவரியிலேயே கோல்கீப்பர் ஃப்ரத்தாலி, தடுப்பாளர் யக்கொபோனி, நடுகள வீரர் முனாரி என முதுகெலும்பை மாற்றினார்கள். அதே 2015-இல் திவாலாகி அதே சீரி டி-யிலிருந்து வந்த வெனிசியா, குழுவில் முதலிடம் பிடித்து நேரே ஏறியது. பர்மா இரண்டாம் இடம். பிளே-ஆஃப் அரையிறுதியில் போர்டெனோனேயைப் பெனால்டியில் வென்று, 2017 ஜூன் 17 அன்று ஃப்ளோரன்ஸில் அலெஸ்ஸாந்த்ரியாவை 2-0 என வீழ்த்தியது. பாசத்துக்காக அந்த நவம்பரைத் தள்ளிப்போட்டிருந்தால் இந்தக் கடிதமே எழுதப்பட்டிருக்காது என்பது என் கருத்து.

சீரி பி-யில் ஒரு மயிரிழை. 2018 மே 18, கடைசி நாள். பர்மா ஸ்பெசியாவில் 2-0 வென்றது. ஆனாலும் ஃப்ரொசினோனே சொந்த அரங்கில் ஃபோஜ்ஜாவை வென்றிருந்தால் நேரடி ஏற்றம் அவர்களுக்கு. 89-ஆம் நிமிடத்தில் ஃபோஜ்ஜா 2-2 என்று சமன் செய்தது. இரண்டு அணிக்கும் 72 புள்ளி, நேருக்கு நேர் ஆடிய கணக்கில் பர்மா இரண்டாம் இடம். அதற்குப் பிறகும், ஆட்டத்துக்கு முன் முன்கள வீரர் கலையோ எதிரணி வீரருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளுக்காக 5 புள்ளி அபராதம் விழுந்தது. மேல்முறையீட்டில் அது 20,000 யூரோ அபராதமாகக் குறைந்தது. 40 வயதில் லுக்காரெல்லி ஓய்வு பெற்றார், நான்கு பிரிவிலும் அதே சட்டையோடு. இத்தாலியில் தொடர்ந்து மூன்று ஏற்றம் பெற்று சீரி டி-யிலிருந்து சீரி ஏ-வுக்கு வந்த முதல் கழகம் இது.

பரில்லாவின் பணம் பற்றிக் கடைசியாக ஒன்று. அந்தப் பணத்தைவிட அந்த எழுவர் விலகாமல் நின்றதுதான் காத்தது. 2017-இல் சீனத் தொழிலதிபர் ஜியாங் லிஜாங்குக்கு 60 சதவீதத்தை விற்றபோது தங்கள் சிறுபான்மைப் பங்கை வைத்துக்கொண்டார்கள். அவர் வாக்குறுதியின்படி நடக்காதபோது, 2018 அக்டோபரில் ஒப்பந்தத்தின்படி பெரும்பான்மையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2014 டிசம்பரில் கிரார்தி விற்றபோது அப்படித் திரும்பக் கேட்க யாரும் இருக்கவில்லை. 2020-இல் அமெரிக்கரான கைல் கிராவுஸ் வாங்கினார். 2021-இல் அணி மறுபடி சீரி பி-க்கு இறங்கியது, 2024-இல் அந்தப் பிரிவின் முதலிடத்தோடு திரும்பியது. இந்த முறை அதே நிறுவனமாக.

அன்புடன்.