தொல்லை அழைப்பு, ஆபாச மெசேஜ்: வழக்கறிஞர் பதில்கள்

சேலம் தோழி: தெரியாத எண்ணிலிருந்து தினமும் வாட்ஸ்அப்பில் ஆபாசமாக அனுப்புகிறான். பதில் சொல்லலாமா?

ஒரே ஒரு முறை சொல்லுங்கள். "எனக்கு விருப்பமில்லை, இனி தொடர்பு கொள்ளாதீர்கள்" என்று எழுதி அனுப்புங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, பெண் தெளிவாக மறுத்த பிறகும் விடாமல் தொடர்பு கொள்வதைத்தான் பின்தொடர்தல் குற்றத்தில் சேர்க்கிறது. அந்த ஒரு வரி உங்கள் ஆதாரம். அதற்குப் பிறகு வாயே திறக்காதீர்கள். திட்டினால் அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து "அவளும்தானே பேசினாள்" என்பான்.

ஸ்கிரீன்ஷாட்டில் எண், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். அவன் ப்ரொஃபைலைத் திறந்து, எண் தெரியும்படி தனியாக ஒன்று எடுங்கள். எதையும் அழிக்காதீர்கள். போனையும் ரீசெட் செய்யாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் புகார் கொடுக்கலாமா?

முடியாது. உச்ச நீதிமன்றம் 2015-லேயே அதை ரத்து செய்துவிட்டது. ஆபாசத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, மிரட்டலுக்கு நியாய சன்ஹிதா 351. இவை இரண்டும் ஆண்கள் கொடுக்கும் புகாருக்கும் பொருந்தும்.

மதுரை அண்ணன்: அழிக்காதே என்கிறீர்கள். அந்தப் பெண் ராத்திரியெல்லாம் அதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டுமா? பிளாக் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

பிளாக் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை அண்ணா. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுச் செய்யட்டும். ரிப்போர்ட் செய்யும்போது உரையாடலையும் நீக்கவா என்று கேட்டால் அந்த டிக்கை எடுத்துவிடட்டும். கொலை மிரட்டலோ, படத்தை வெளியிடுவேன் என்ற மிரட்டலோ வந்தால் மட்டும் பிளாக் செய்யாமல் ஆர்க்கைவில் போட்டு வைக்கட்டும். சத்தம் வராது, அவன் அனுப்புவதெல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

மதுரை அண்ணன்: அதற்கு நம்பரை மாற்றிவிடலாமே?

எதற்கு மாற்ற வேண்டும்? வங்கி, ஆதார், சமையல் கேஸ் எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. தப்பு செய்தவன் நிம்மதியாக இருக்க, இவள் ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டுமா? வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பெண்கள் மாதக்கணக்கில் மூடி மறைக்கிறார்கள். தங்கையோ மகளோ வந்து சொன்னால் "நீ ஏன் நம்பர் கொடுத்தாய்" என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுங்கள்.

ஈரோடு தோழி: மெசேஜையெல்லாம் அழித்துவிட்டேன். இனி வழியில்லையா?

இருக்கிறது. சாதாரண அழைப்பு, எஸ்எம்எஸ் விவரங்களை போலீஸ் கேட்டால் தொலைபேசி நிறுவனம் கொடுக்கும். வாட்ஸ்அப் உரையாடல் அதில் வராது. இனி வருவதையாவது அழிக்காதீர்கள்.

நெல்லை வாசகர்: கடன் வசூல் ஆள் இரவு பத்து மணிக்கு அழைத்துக் கெட்ட வார்த்தையில் பேசுகிறான்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மிரட்டினால் காத்திருக்காமல் நேரே போலீஸ்.

கோவை தோழி: 1930-க்கு அழைக்கவா?

அது பண மோசடிக்கு. ஆபாச மெசேஜுக்கு சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பதியுங்கள், அல்லது காவல் நிலையம் போங்கள். அவசரம் என்றால் 112, பெண்கள் உதவி எண் 181.

தஞ்சை வாசகர்: பிளாக் செய்யலாமா, கூடாதா?

மதுரை அண்ணனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கடலூர் தோழி: ஸ்டேஷனில் "பார்த்துக்கொள்கிறோம், போங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுபடி போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு. புகாரை எழுதிக் கொடுத்து, எஃப்ஐஆர் போடாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அதையும் தர மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.