ஒட்டுப்படம் யாருக்கும் புரியவில்லை என்று கேட்டவருக்கு

குமரி மாவட்டத்தில் கல்குவாரிகள் மலைகளைத் தின்பதைப் பற்றி ஃபோட்டோமான்டேஜ், அதாவது புகைப்படங்களை வெட்டிச் சேர்த்த ஒட்டுப்படம், செய்திருக்கிறீர்கள். நாகர்கோவிலில் கண்காட்சிக்கு வைக்கும் முன் காட்டினால், "ஏஐ படமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள்.

முதலில் படங்களைக் குறையுங்கள். மலையும் டாரஸ் லாரியும் போதும். வள்ளுவர் சிலை, கடல், தென்னை எல்லாம் சேர்ந்தால் சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும்.

ஃபோட்டோமான்டேஜ் கலைஞர் ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1932இல் ஜெர்மனியில் செய்த ஒட்டுப்படத்தைத் தேடிப் பாருங்கள். ஹிட்லர் மேடையில் முழங்குகிறார். மார்பு எக்ஸ்ரேயாகத் தெரிகிறது. முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் நாணயங்கள் அடுக்கியிருக்கின்றன. யார் காசில் இந்தப் பேச்சு என்று பார்த்தவுடன் கேட்கத் தோன்றும். இரண்டு படங்கள் மோதுவது அந்த ஓரிடத்தில்தான். அதைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். உங்களுக்கு அது லாரியின் பின்பக்கம். ஜல்லிக்குப் பதிலாக வேளிமலையின் உச்சியை, மரமும் மேகமும் உட்பட, அப்படியே ஏற்றி வையுங்கள். கயிறு போட்டுக் கட்டியும் விடுங்கள்.

ஏஐ சந்தேகத்துக்குக் கத்தரிக்கோல்தான் மருந்து. பிரிண்ட் எடுத்துக் கையால் வெட்டி ஒட்டுங்கள், வெட்டிய விளிம்பு தெரியட்டும். இன்னொரு ஜெர்மன் ஒட்டுப்படக் கலைஞர் ஹன்னா ஹோஹ்; அவர் படங்களில் அந்த விளிம்புகளுக்கே தனி வேகம் உண்டு. மலை கறுப்பு வெள்ளையிலும் லாரி கலரிலும் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், உங்கள் படத்தில் ஒட்டியிருக்கும் அந்த அரசியல்வாதியின் முகத்தை எடுத்துவிடுங்கள். குவாரியில் அவர் நிஜமாகவே நின்றதுபோல் இருக்கிறது; வாட்ஸ்அப்பில் சுற்றினால் அது பொய்ச்செய்திதான், விமர்சனம் ஆகாது. லாரியின் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிடுங்கள்.