கோன்டோர்னு சாலைக்கு வெளியே: பெலோ ஒரிசோன்ட்டே கேள்வி பதில்

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத் தலைநகரான பெலோ ஒரிசோன்ட்டே, திட்டமிட்டுக் கட்டி 1897-இல் திறக்கப்பட்ட ஊர். அன்று நகருக்கு எல்லையாகப் போட்ட வளைய சாலைதான் கோன்டோர்னு. என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியவை பெரும்பாலும் அதற்கு வெளியேதான். வந்த கேள்விகளும் அவற்றைப் பற்றியே.

கேள்வி: அலுவலக வேலையாக வருகிறேன். ஒரு பிற்பகல்தான் ஓய்வு. எங்கே போகலாம்?

பதில்: பம்பூல்யா. மையத்திலிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டர், டாக்சி போதும். பின்னாளில் குடியரசுத் தலைவராகிப் புதிய தலைநகர் பிரசீலியாவை எழுப்பிய குபிச்செக், 1940-களின் தொடக்கத்தில் இங்கே மேயர். செயற்கை ஏரியின் கரையில் சூதாட்ட விடுதி, நடன மண்டபம், படகுக் கழகம், தேவாலயம் எல்லாவற்றையும் வடிவமைக்கும் வேலையை இளம் கட்டடக் கலைஞரான ஆஸ்கார் நீமையரிடம் கொடுத்தார். 1946-இல் நாடெங்கும் சூதாட்டத்துக்குத் தடை வந்தது. விடுதி மூடப்பட்டுப் பிறகு கலை அருங்காட்சியகமானது. தேவாலயத்தின் கதை இன்னும் சுவையானது. அலை அலையாக வளையும் கான்கிரீட் கூரை, பின்சுவர் முழுக்க ஓவியர் போர்ட்டினாரியின் நீல வெள்ளை ஓடுகள். 1943-இல் கட்டி முடித்தும் பேராயர் ஏற்கவில்லை. 1959-இல்தான் அர்ச்சிப்பு நடந்தது. அவர் வேண்டாமென்ற கட்டடம் 2016 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஏரியைச் சுற்றி நடக்கத் துணியாதீர்கள், கரை சுமார் 18 கிலோமீட்டர்.

கேள்வி: அந்த ஏரியில் குளிக்கலாமா?

பதில்: கூடாது, தண்ணீர் மாசுபட்டது. கரையில் மேயும் கேப்பிபராக்களையும் (ஆட்டின் பருமனுள்ள எலி இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) தள்ளி நின்றே பாருங்கள். புல்லில் உட்காராதீர்கள், உண்ணி இருக்கும், அதனால் காய்ச்சலும் வரும்.

கேள்வி: நவீன ஓவியம் எனக்குப் புரியாது. இன்யோச்சிம் போவது வீண்தானே?

பதில்: உங்களைப் போன்றவர்கள்தான் முதலில் போக வேண்டும். தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், புருமாஜின்யு ஊருக்கு அருகே, பெரிய தாவரத் தோட்டமும் கலைக்கூடங்களும் கலந்து கிடக்கும் இடம் அது. ஒரு குன்றின் மேல் கண்ணாடி அறை. நடுவே சுமார் 200 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே ஒலிவாங்கிகளை இறக்கியிருக்கிறார்கள். பூமியின் முனகலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இன்னொரு கூடத்தில் நீச்சல் குளமே கலைப்படைப்பு. இறங்கி நீந்தலாம், மாற்றுத் துணி எடுத்துச் செல்லுங்கள். முழு நாள் வேண்டும். திங்கட்கிழமை திட்டமிடாதீர்கள், மூடியிருக்கும்.

2019 ஜனவரி 25 அன்று அதே புருமாஜின்யுவில் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். ஊர்க்காரர்களிடம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: இன்யோச்சிம், ஓரு பிரேட்டு என்ற பழைய நகரம் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

பதில்: முடியாது. ஒன்று தென்மேற்கு, மற்றது தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். அப்படிப் போனால் சாலையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஓரு பிரேட்டு ஏறுவாரா?

பதில்: அழகான பழைய தங்கச் சுரங்க நகரம்தான், ஆனால் தெருவெல்லாம் செங்குத்து, தரையெல்லாம் கல் பாவியது. மழையில் எனக்கே அங்கு கால் வழுக்கியிருக்கிறது. அம்மாவை கோங்கோன்யஸ் என்ற ஊருக்கு அழைத்துப் போங்கள். மலைமேலுள்ள தேவாலய வாசல் அருகே வரை கார் போகும். அங்கே 12 தீர்க்கதரிசிகள் மாக்கல்லில் நிற்கிறார்கள். நோயால் கைகள் முடங்கிப்போன அலெய்ஜாதின்யு என்ற சிற்பி 1800-க்கும் 1805-க்கும் இடையே செதுக்கியவை. உளியைக் கையோடு கட்டிக்கொண்டு வேலை செய்தார் என்று சொல்வார்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினியா?

பதில்: இல்லை, ஆனால் விழிப்பு வேண்டும். பீன்ஸில்கூடப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, பன்றியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். எடைபோட்டு விற்கும் உணவகங்களில் கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஊரின் பெருமையான சீஸ் ரொட்டி மரவள்ளி மாவில் செய்வது. அதில் முட்டை உண்டு. அங்கு என் வயிற்றைக் காத்தது 'அங்கு' என்ற மக்காச்சோளக் களி.

கேள்வி: மினெய்ரோன் மைதானம் பார்க்கத் தக்கதா?

பதில்: பம்பூல்யா பக்கத்திலேயே இருப்பதால் பார்த்துவிடுங்கள், கால்பந்து அருங்காட்சியகமும் உண்டு. 2014 ஜூலை 8 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலை ஜெர்மனி 7-1 என்று வென்றது இங்கேதான். டாக்சி ஓட்டுநரிடம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.